கருப்பா, கறுப்பா? அகராதிகள் ஒத்துப்போகாத இடமும் இலக்கணத்தின் ருசியும்

அக்கா மகள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் கையில் கலர் பென்சில் டப்பாவோடும் வீட்டுப்பாட நோட்டோடும் வந்து நின்றாள். டப்பாவின் மேல் ‘கருப்பு’ என்று அச்சடித்திருந்தது. நோட்டில் அவள் எழுதியிருந்ததும் அதுதான். டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்து ‘கறுப்பு’ என்று மேலே எழுதியிருந்தார். “மாமா, டப்பால தப்பா போட்டிருக்காங்களா, இல்ல டீச்சர் தப்பா திருத்திட்டாங்களா?” என்று கேட்டாள்.

ஓர் அச்சகத்தில் பல வருஷம் புரூஃப் பார்த்தவன் நான். இந்தக் கேள்வி எனக்குப் புதிது இல்லை. ஆனால் புரூஃப் மேஜையில் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிப் பழகிவிட்டேன்: “நம்ம ஹவுஸ் ஸ்டைல் கறுப்பு, மாத்திடுங்க.” பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் ஹவுஸ் ஸ்டைல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சரி, அலமாரியில் இருக்கிற அகராதிகளை எல்லாம் எடுத்துக் கீழே போடு, பார்க்கலாம் என்றேன்.

இந்த இரண்டு எழுத்துக்குள் எத்தனை விஷயம் ஒளிந்திருக்கிறது என்று அவளுக்குக் காட்டும்போதுதான் எனக்கே முழுதாக உறைத்தது. தமிழில் ‘கரு’, ‘கறு’ என்று இரண்டு வேர்கள் அக்கம்பக்கமாக வளர்ந்திருக்கின்றன. கருமை, கரிய, கரி, கருங்கல், கரும்பலகை எல்லாம் முதல் வேரில் கிளைத்தவை. கறுத்தல், கறுப்பு, கறை எல்லாம் இரண்டாவது வேரில். இரண்டுமே பழையவை. குன்றிமணியின் மூக்கில் இருக்கும் கருநிறத்தைச் சொல்ல வந்த வள்ளுவர் ‘மூக்கிற் கரியார்’ என்கிறார். தொல்காப்பியரோ ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று றகரம் போட்டு எழுதுகிறார்.

அந்தத் தொல்காப்பிய வரியில் கொஞ்சம் நிற்க வேண்டும். கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொற்களுக்கும் அவர் முதலில் சொல்லும் பொருள் கோபம். நிறத்தைக் குறிக்கவும் அவை வரும் என்று அடுத்த சூத்திரத்தில்தான் சொல்கிறார். இன்றைக்கும் நாம் ‘அவர் முகம் கறுத்துப்போச்சு’, ‘கண் சிவந்துட்டார்’ என்று சொல்கிறோமே, அது இரண்டாயிரம் ஆண்டாக அறுந்துபோகாமல் வரும் நூல். இதைச் சொன்னதும் பிள்ளை சிரித்தாள். டீச்சருக்குக் கோபம் வந்தால் எந்த நிறம் என்று அவள் கேட்டதை இங்கே எழுத வேண்டாம்.

சிவத்தல் என்ற வினையிலிருந்து சிவப்பு, வெளுத்தலிலிருந்து வெளுப்பு, அதுபோலக் கறுத்தலிலிருந்து கறுப்பு. மலையாளத்திலும் இந்தச் சொல்லை வல்லின றகரம் போட்டுத்தான் எழுதுகிறார்கள், அந்த றகரத்தை இன்றும் அழுத்தி உச்சரிக்கவும் செய்கிறார்கள். ஆகவே ‘கறுப்பு’ என்பவர்களின் கட்சி பலமானதுதான். அப்படியானால் ‘கருப்பு’ எங்கிருந்து வந்தது? காதிலிருந்து வந்தது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் ரகரமும் றகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. குமரிப் பக்கத்திலும் ஈழத்திலும் அந்த வேறுபாடு ஓரளவு தங்கியிருக்கிறது. மற்ற இடங்களில் காது கைவிட்டபோது கை, தனக்குத் தெரிந்த ‘கரு’வைப் பிடித்துக்கொண்டது. கருமை, கருங்கல், கருஞ்சட்டை என்று கண் முன்னால் இத்தனை இருக்கும்போது ‘கருப்பு’ என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை என்று எப்படிச் சொல்வது?

கதை அத்தோடு முடியவில்லை. பழைய அகராதிகளில் ‘கருப்பு’ என்ற சொல்லுக்குப் பஞ்சம் என்ற பொருள் உண்டு. கரும்பு என்ற சொல் வேறொரு சொல்லோடு சேரும்போதும் ‘கருப்பு’ என்று ஆகும். மன்மதன் கையில் இருப்பது கருப்புவில். அது கரும்பால் செய்த வில்லே தவிர, கறுத்த வில் கிடையாது. இரும்பு, பாதையோடு சேர்ந்து இருப்புப் பாதை ஆகிறதே, அதே விதி. நாம் காபியில் போடும் கருப்பட்டி, கருப்புக்கட்டி என்ற சொல் தேய்ந்து வந்தது. அதன் நிறத்தைப் பார்த்து ‘கருப்பு’ என்ற பெயர் வந்ததாகத்தான் நானும் முப்பது வயது வரை நினைத்திருந்தேன்.

சரி, இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அகராதிகள் ஏன் ஒரே குரலில் பேசுவதில்லை? ஒவ்வொரு அகராதியும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்ல எழுதப்பட்டது என்பதுதான் காரணம்.

முதலில் நமக்கு இருந்தவை நிகண்டுகள், அதாவது சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய நூல்கள். திவாகரம், பிங்கலம், சூடாமணி எல்லாம் செய்யுளில் அமைந்தவை, மனப்பாடம் செய்வதற்காக. செய்யுளில் எதுகை உண்டு, அதாவது அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்து வர வேண்டும். ‘அறத்தான் வருவதே இன்பம்’ என்ற குறளின் அடுத்த அடி ‘புறத்த புகழும் இல’ என்று தொடங்குகிறது. அந்த இரண்டு றகரமும் ஒன்றையொன்று காவல் காக்கின்றன. ஒன்றை ரகரமாக மாற்றினால் பாட்டு இடறும். எழுத்து வேறுபாட்டைப் பாட்டுக்குள் பூட்டி வைத்த பெட்டி என்று எதுகையைச் சொல்லலாம். சந்தேகம் வந்தால் எதுகையில் வந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது பழைய பதிப்பாசிரியர்களின் வழக்கம்.

1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தபோது செய்யுளின் துணை விலகி அகர வரிசை வந்தது. தேடுவது எளிதாயிற்று. பின்னால் வந்த ஒரு பெரிய முயற்சி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், அப்புறம் ஓர் அநுபந்தம். எல்லாமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்தவர் ச. வையாபுரிப்பிள்ளை. அது இலக்கியத்தையும் முந்தைய அகராதிகளையும் அடிப்படையாகக் கொண்டது. ஒரு சொல் எங்கேனும் ஓர் ஏட்டில், ஓர் உரையில் இரண்டு விதமாக வந்திருந்தால் இரண்டையும் பதிவு செய்வதுதான் அதன் வேலை.

அந்த அகராதி பல சொற்களுக்கு வடமொழி மூலம் காட்டியதை ஏற்காதவர் தேவநேயப் பாவாணர். 1974இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் திட்டத்துக்கு அவரே இயக்குநர் ஆனார். அவர் போன பின்னும் வேலை தொடர்ந்து 2011இல்தான் நிறைவடைந்தது. அந்த நூலின் பெயரே ஒரு மறுப்பு. ‘அகராதி’ என்பதில் உள்ள ‘ஆதி’ வடசொல் என்பதால் ‘அகரமுதலி’ என்று பெயர் வைத்தார்கள். சொற்களை விளக்க வந்த நூலின் பெயரிலேயே இரண்டு கட்சி!

1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வேறு பாதை. இன்றைய உரைநடையில் மக்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பது அதன் கேள்வி. 2008இலும் 2020இலும் விரிவாக்கிய பதிப்புகள் வந்தன. ஒன்று ‘இந்தச் சொல் எங்கிருந்து வந்தது’ என்று பார்க்கிறது, இன்னொன்று ‘இது எப்படி இருக்க வேண்டும்’ என்று பார்க்கிறது, மூன்றாவது ‘இன்று எப்படி இருக்கிறது’ என்று பார்க்கிறது. மூன்று பேரிடம் மூன்று கேள்வி கேட்டுவிட்டு, பதில் ஒன்றாக இல்லையே என்று நாம் சண்டைக்குப் போகிறோம்.

இதற்கு மேல் ஊர் வேறு. ஈழத்து எழுத்தில் டொரன்டோ ‘ரொறன்ரோ’ ஆகும், டிவி ‘ரிவி’ ஆகும். தமிழில் டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற பழைய விதியை மதித்து அவர்கள் கண்ட வழி அது. சென்னையில் இருப்பவர் அதை முதன்முதலாகப் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைப்பார். அங்கே அதுதான் ஒழுங்கான எழுத்து.

இனி, அச்சகத்தில் நான் அதிகம் சண்டை பார்த்த சொல்லுக்கு வருகிறேன். வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? கல்யாண பேனர் முதல் கட்சி சுவரொட்டி வரை இந்தச் சொல் இல்லாத நாள் கிடையாது. ‘க்’ போடுகிறவர்களின் வாதம் இது: வாழ்த்து என்பது வன்தொடர்க் குற்றியலுகரம் (வல்லின மெய்யை அடுத்து ஈற்றில் வரும் குறுகிய உகரம்), அதன் பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்று வருகிறதே. எதிர்க்கட்சி சொல்வது: எட்டும் தொகையும் இரண்டு சொற்கள். ‘கள்’ தனிச்சொல் இல்லை, பன்மை விகுதி. சொல்லும் சொல்லும் சேரும் விதியை விகுதிக்குப் போடக் கூடாது. அப்படியென்றால் பூக்கள், பசுக்கள், தெருக்கள் என்பதில் ஒற்று எப்படி வந்தது என்று முதல் கட்சி மடக்கும். அவை குற்றியலுகரமே இல்லையே என்று பதில் வரும். பழைய இலக்கண நூல்களின் பதிப்புகளிலேயே ‘எழுத்துக்கள்’ என்று தாராளமாக அச்சிட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த வாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி எந்தச் சூத்திரத்திலும் இல்லை, நம் வாயில்தான் இருக்கிறது. விளக்கு, தட்டு, பூட்டு, நாக்கு இவையும் வன்தொடர்க் குற்றியலுகரங்கள்தாம். ஆனால் ‘விளக்குக்கள்’, ‘தட்டுக்கள்’ என்று எழுதுகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒற்று ஆசை பெரும்பாலும் ‘த்து’வில் முடியும் சொற்களிடம்தான் வருகிறது: எழுத்துக்கள், கருத்துக்கள், சொத்துக்கள், வாழ்த்துக்கள். விதி காரணமாக இருந்தால் விளக்கையும் அது விட்டிருக்காது. அதனால் நான் வாழ்த்துகள் கட்சி. ஆனாலும் ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதியவரைத் தமிழ் தெரியாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர் ஒரு விதியைத் தெரிந்துகொண்டு, அதைக் கொஞ்சம் தூரம் கூடுதலாகக் கொண்டுபோயிருக்கிறார், அவ்வளவுதான்.

நாள்கள், நாட்கள் சண்டையும் இதற்கு அண்டை வீடு. ‘நாட்கள்’ என்று எழுதினால் கள்ளாகிவிடும் என்பார்கள். கேலிக்காகச் சொல்வது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையாகவே புறநானூற்றில் அந்தக் கள் இருக்கிறது. மலையமான் திருமுடிக்காரியைப் பாடும் கபிலர், காலையிலேயே கள் குடித்து மகிழ்ந்திருக்கும்போது தேரைத் தானமாகக் கொடுப்பது யாருக்கும் எளிது, போதை இல்லாமலே கொடுத்த தேர்கள் முள்ளூர் மலையில் பெய்த மழைத்துளியைவிட அதிகம் என்கிறார். ‘நாட்கள் உண்டு நாண்மகிழ் மகிழின்’ என்பது அந்தப் பாட்டின் முதல் அடி. வகுப்பில் ‘நாட்கள் தவறு, நாள்கள் சரி’ என்று பலகையில் எழுதிப் போடுவதைவிட இந்தப் பாட்டைச் சொல்லிவிட்டால் போதும், பிள்ளைகள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள்.

அத்தோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும், நேர்மைக்காக. ளகர ஈற்றின் பின் வல்லினம் வந்தால், அல்வழிப் புணர்ச்சியில் (வேற்றுமைப் பொருள் இல்லாமல் சொற்கள் சேரும் இடத்தில்) ளகரம் அப்படியே நிற்கலாம், டகரமாகத் திரியவும் செய்யலாம் என்பது நன்னூல். முள்குறிது, முட்குறிது இரண்டும் சரி. இதற்கு இலக்கணம் வைத்த பெயர் உறழ்ச்சி. இப்படியும் வரும், அப்படியும் வரும் என்று அர்த்தம். இந்த விதியைக் கையில் எடுப்பவருக்குப் பொருள்கள், பொருட்கள் இரண்டும் சரியாகிவிடும். போலி என்று இன்னொரு கணக்கும் உண்டு. அறம், அறன், பந்தல், பந்தர், சாம்பல், சாம்பர். பொருள் மாறாமல் எழுத்து மாறி நிற்பதை நம் இலக்கணம் குற்றமாகப் பார்க்காமல், பெயர் கொடுத்து உள்ளே உட்கார வைத்திருக்கிறது. கறாரான ஆசிரியர் என்று நாம் பயப்படுகிற, நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் பல இடங்களில் நம் திருத்தல்காரர்களைவிட இளகிய மனசுக்காரர்.

எல்லாமே உறழ்ச்சி என்று விட்டுவிடலாமா? கூடாது. ‘சுவற்றில் விளம்பரம் எழுதாதே’ என்று ஊரெல்லாம் எழுதியிருக்கிறதே, அதற்கு எந்தக் கட்சியிலும் இடம் இல்லை. ஆறு ஆற்றில் ஆகும், கிணறு கிணற்றில் ஆகும், று என்று முடிவதால். சுவர் ர் என்று முடிகிறது, ஆகவே சுவரில். ‘சுவறு’ என்றால் வற்றிப்போ என்று பொருள். இயக்குநர், இயக்குனர் என்பதில் நடுவில் நகரம் வரலாமா என்று தயங்குபவர்களுக்குப் பொருநர், கொழுநன், மகிழ்நன் என்ற பழைய சொற்களே துணை. இப்படி விடை உள்ள இடம் எது, இரண்டு விடை உள்ள இடம் எது என்று பிரித்துக் காட்டுவதுதான் ஒரு நல்ல இலக்கணக் கையேட்டின் முதல் வேலை என்று நினைக்கிறேன். கடையில் கிடைக்கும் பல கையேடுகள் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு, இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் திருத்தம் என்று நூறு பக்கத்துக்கு ஓட்டிவிடுகின்றன. படிக்கிறவருக்கு மிஞ்சுவது பயம். அடுத்த தடவை ‘வாழ்த்து’ என்று ஒருமையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். அச்சகத்தில் அப்படி நகர்ந்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். எழுத வந்தவரைப் பயந்து ஒதுங்க வைப்பது எனக்கு வலிக்கிற விஷயம்.

இலக்கணத்தை இனிக்க எழுதுவது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய வித்தை ஒன்றும் இல்லை. நூலுக்கு இருக்க வேண்டிய பத்து அழகுகளை நன்னூல் வரிசையாகச் சொல்கிறது. சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் என்ற இரண்டுக்கும் அடுத்து மூன்றாவதாக வருவது ‘நவின்றோர்க்கு இனிமை’. படிக்கிறவருக்கு இனிக்க வேண்டும் என்பது இலக்கண நூலே தனக்கு விதித்துக்கொண்ட விதி. பத்தாவது அழகு, விளங்கும்படியான உதாரணம். யாப்பருங்கலக்காரிகை செய்யுள் இலக்கணம் முழுவதையும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்வதுபோல அமைந்திருக்கிறது. சொல்லைப் பிரிக்கும் இடத்தில் பொருள் மாறும் என்று காட்ட உரையாசிரியர்கள் எடுத்துக்கொண்டது ‘செம்பொன்பதின்தொடி’. செம்பொன் பதின் தொடி என்றால் பத்து தொடி எடையுள்ள பொன். செம்பு ஒன்பதின் தொடி என்றால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. ஓர் இடைவெளி தள்ளிப்போனால் பொன் செம்பாகிவிடும். நகைக் கடைக்காரர்கூடக் காது கொடுத்துக் கேட்கும் உதாரணம் அது.

வீரமாமுனிவர் இன்னும் ஒரு படி மேலே போனார். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்றவர் அவர். பேச்சுத் தமிழுக்குத் தனியாக ஓர் இலக்கணம் லத்தீனில் எழுதினார். அந்தத் தமிழைப் படித்துப் பழகுவதற்கு என்று அவர் கொடுத்ததுதான் பரமார்த்த குரு கதை. ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் தோய்த்துப் பார்க்கும் சீடர்களை நமக்குப் பாட்டிகள் சொல்லித் தெரியும். அது மொழிப் பயிற்சிக்காக எழுதிய கதை என்பது தெரியாது. 1822இல் லண்டனில் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். இலக்கணம் படிக்க வந்தவனைச் சிரிக்க வைத்தால் அவன் வேற்றுமை உருபையும் சேர்த்து விழுங்கிவிடுவான் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒற்றுப் பாடத்தை நான் பிள்ளைகளுக்கு இப்படித்தான் தொடங்குவேன்: ‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தில் செய்தது. ஒரு ‘ப்’புக்கு இடையில் விலை எவ்வளவு ஏறிவிட்டது பார். ‘கைமாறு’ என்றால் பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவது. ‘கைம்மாறு’ என்றால் செய்த உதவிக்குத் திருப்பிச் செய்வது. இதற்குப் பின் விதியைச் சொன்னால் அவர்களாகவே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். வினைத்தொகை, பெயரெச்சம் என்ற பெயர்களை முதல் நாளே பலகையில் எழுதிப் போட்டால் ஜன்னல் வழியே கிரிக்கெட் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

இப்போது கணினியில் பிழைதிருத்திகள் வந்துவிட்டன. நல்ல வேலை, அதைச் செய்கிறவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு சொல்லின் கீழ் சிவப்புக் கோடு விழுந்தால் பயனாளர் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார். உறழ்ச்சி உள்ள சொல்லுக்கு வேறு நிறத்தில் ஒரு கோடு போட்டு, ‘இதற்கு இரண்டு வழக்கு உண்டு, காரணம் இது’ என்று சின்னதாக ஒரு குறிப்பு கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அன்றைக்கு அக்கா மகளிடம் நான் சொன்ன பதில் இது: உன் டீச்சர் திருத்தியது சரி, நீ கறுப்பு என்றே எழுது. டப்பாவில் போட்டவரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை, அவர் பக்கம் கருமை இருக்கிறது. அவள் நோட்டின் ஓரத்தில் ‘கறு = கோபம்’ என்று எழுதி வைத்துக்கொண்டாள்.

அதோடு விடுவாள் என்று பார்த்தால், அடுப்படியில் அக்கா தாளித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டு அடுத்த கேள்வியைப் போட்டாள். “அப்போ கருவேப்பிலையா, கறிவேப்பிலையா மாமா?” மறுபடியும் அதே ரகரம், றகரம். கறியில் போடுவதால் கறிவேப்பிலை என்பது ஒரு கட்சி, மலையாளமும் அந்தப் பக்கம். கரிய வேம்பு என்பது இன்னொரு கட்சி, கன்னடத்தில் அதைக் ‘கரிபேவு’ என்கிறார்கள், அங்கே கரி என்றால் கறுப்பு, பேவு என்றால் வேம்பு. பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டினால் அந்த இலைக்குப் பெயர் ‘கஞ்சகம்’. பசுவின் வெண்ணெயில் வெந்த மாதுளம் பிஞ்சோடு அதன் நறுந்தளிரைக் கலக்கிறார்கள். அதற்கு முந்தைய அடியில் ‘கறி’யும் வருகிறது, ஆனால் அங்கே கறி என்றால் மிளகு. இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுப்படிக்குப் போய் ஒரு கொத்தை உருவிக்கொண்டு வந்து, இலையை வெளிச்சத்தில் பிடித்து, இது கறுப்பா பச்சையா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.